கராஜ் கதவை மேலே ஏற்றிய கதை

வீட்டு கராஜில் கார் லிஃப்ட், அதாவது ஒரு காரைத் தூக்கி நிறுத்தி அதனடியில் இன்னொன்றை விட உதவும் மேடை, போட்டிருக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். என்ன விலை? மேலே நிற்கிற வண்டி விழுந்துவிடாதா? கராஜ் கதவை என்ன செய்தாய் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கோ இந்த வேலையில் மண்டையைக் குடைந்தது முழுக்க அந்தக் கதவுதான். லிஃப்டை ஆர்டர் போட்டால் லாரியில் வந்து இறங்கிவிடும். கதவு அப்படியில்லை. அதனால் லிஃப்டைப் பற்றிக் கொஞ்சமும் கதவைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன்.

இருப்பது மிஷிகனில், கேன்டன் என்கிற ஊரில். டெட்ராய்டுக்கு மேற்கே அரை மணி நேரம். கராஜ் இரண்டு வண்டிக்கானது, வண்டி மூன்று. மனைவியின் ஹோண்டா சிஆர்-வி, நான் வேலைக்குப் போகும் கார், அப்புறம் 1990ஆம் வருஷத்து மாஸ்டா மியாட்டா. மியாட்டா ஆசைக்கு வாங்கியது. மேற்கூரை துணி, எடை ஏறக்குறைய 2,100 பவுண்டு, கோடையில் ஓட்ட அதற்கு ஈடு கிடையாது. ஆனால் நவம்பர் பிறந்தால் இங்கே ரோடு முழுக்க உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. கஞ்சத்தனம் இல்லாமல் கொட்டுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேலான தகரத்தை அந்த உப்பு நீரில் நிறுத்தினால் இரண்டு மூன்று குளிர்காலத்தில் கதவுக்கடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழும். ஆக மியாட்டா உள்ளே நின்றாக வேண்டும், மற்ற இரண்டையும் வெளியே பனியில் விட முடியாது. மேலே ஏற்றுவது ஒன்றுதான் வழி.

ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டார்: "எதுக்குக் கண்ணு இந்த வேண்டாத வேலை? ஒரு வண்டிய வித்துப்போட்டா முடிஞ்சுதல்லோ?" நியாயமான யோசனைதான். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் கராஜின் உட்கூரை 11 அடி. இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் கராஜ் தரை வீட்டுத் தரையைவிடச் சில படி கீழே இருக்கும். அந்தப் படிகளின் உயரம் அப்படியே கராஜுக்குள் கூடுதலாகக் கிடைத்துவிடும். லிஃப்ட் விற்பவர்களும் முதலில் கேட்பது இந்த உயரத்தைத்தான். கணக்கு இப்படி: கீழே நிற்கும் சிஆர்-வி 66 அங்குலத்துக்குச் சற்று மேல். தலைக்கு மேல் மூன்று அங்குலம் இடைவெளி. லிஃப்டின் தளம், அதாவது டயர் நிற்கும் இரும்புப் பலகை, ஐந்து அங்குலம். அதன் மேல் மியாட்டா 48 அங்குலம். மொத்தம் 123. கூரை 132 அங்குலம். ஒன்பது அங்குலம் மிச்சம், சந்தோஷமாக ஆர்டர் போடலாம்.

கதவு மூடியிருக்கும்போது இந்தக் கணக்கு சரி. கதவைத் திறந்து, அதன் கீழே நின்று மேலே பார்த்தால் கணக்கே வேறு. 7 அடி உயரக் கதவு திறக்கும்போது தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் உள்பக்கமாகப் படுக்கிறது. 16 அடி அகலம், கராஜின் ஏறக்குறைய முழு அகலத்துக்கும். உள்ளே 7 அடிக்கு மேல் நீளுகிறது. டிராக்கும், அதாவது கதவின் சக்கரங்கள் ஓடும் தண்டவாளமும், அதைத் தாங்கும் கம்பிகளும் சேர்ந்தால் 8 அடி. கராஜின் மொத்த ஆழமே 22 அடி. லிஃப்டில் மியாட்டா நிற்கும் இடத்தில் அதன் டிக்கி கதவுச் சுவரிலிருந்து 6 அடி தூரத்தில் வந்துவிடும். வண்டி மேலே இருக்கும்போது ரிமோட்டை அமுக்கினால் கதவு நேராக டிக்கியில் போய் முட்டும். கூரை 11 அடியாக இருக்கட்டும், 15 அடியாக இருக்கட்டும். திறந்த கதவு ஏழரை அடியில் படுத்திருக்கிறவரை அந்த இடத்தில் கராஜின் உயரம் ஏழரை அடிதான். லிஃப்ட் வாங்க நினைப்பவர்கள் டேப்பை எடுக்கும் முன் கதவைத் திறந்துவிட்டு அளக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இந்த மேலேறும் கதவின் பூர்வீகமும் இந்தப் பக்கம்தான். சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921இல் கண்டுபிடித்தார்; 1926இல் அதை மோட்டாரில் திறக்கும் கருவியையும் அவரே கொண்டுவந்தார். அதுவரை கராஜுக்கு மாட்டுக்கொட்டகைக் கதவு போல இரண்டு பக்கம் திறப்பதுதான். வாசலில் பனி குவிந்தால் முதலில் மண்வெட்டியை எடுக்க வேண்டும். ஜான்சன் கதவை நாலைந்து கிடைத்துண்டாக வெட்டிக் கீல் போட்டு, யாரும் பயன்படுத்தாத கூரையடியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். அருமையான யோசனை. நூறு வருஷம் கழித்து அந்தக் கூரையடியில் ஒருத்தன் காரை நிறுத்த வருவான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

விசாரிக்க ஆரம்பித்ததும் முதலில் கூப்பிட்ட கம்பெனிக்காரர், கதவையே மொத்தமாக மாற்றினால்தான் உண்டு என்று ஒரு பெரிய தொகை சொன்னார். கதவு போட்டு ஆறு வருஷம்கூட ஆகவில்லை, உள்ளே ஃபோம் அடைத்த நல்ல ஸ்டீல் கதவு. எனக்கு ஒப்பவில்லை. அடுத்து வந்தவர் தனியாகத் தொழில் செய்பவர், அறுபது வயதிருக்கும். கதவைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசல் மேல்விட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே டேப்பை நீட்டினார். 48 அங்குலம். கதவுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஹை லிஃப்ட் போட்டால் போதும் என்றார்.

ஹை லிஃப்ட் என்பதற்கும் கார் லிஃப்டுக்கும் சம்பந்தமில்லை. கதவின் டிராக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சாதாரணக் கதவில் செங்குத்து டிராக் வாசல் உயரம் முடிந்ததுமே வளைந்து கிடையாகிவிடும். ஹை லிஃப்டில் அந்த வளைவைத் தள்ளிப்போடுகிறார்கள். கதவு வாசலைத் தாண்டி, சுவரை ஒட்டியே இன்னும் மேலே ஏறி, கூரைக்குப் பக்கத்தில் போய்த்தான் வளையும். எங்கள் வீட்டில் 28 அங்குலம் கூடுதலாக ஏறுகிறது. இதில் இரட்டை லாபம். ஒன்று, படுக்கும் இடம் ஏழரை அடியிலிருந்து பத்து அடி உயரத்துக்குப் போகிறது. இன்னொன்று யாரும் சட்டென்று யோசிக்காதது: கதவின் ஒரு பகுதி திறந்த நிலையிலும் சுவரோடு செங்குத்தாகவே நின்றுவிடுவதால், உள்ளே நீளும் பகுதி குறைந்துவிடுகிறது. 7 அடிக்கு மேல் உள்ளே வந்த கதவு இப்போது சுமார் 5 அடியோடு நிற்கிறது. மியாட்டாவின் டிக்கி 6 அடியில். கதவும் காரும் ஒன்றையொன்று தொடவே வழியில்லை.

டிராக்கை நீட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். யூடியூபில் அப்படித்தான் காட்டுகிறார்கள். விஷயம் டிராக்கில் இல்லை, டிரம்மில் இருக்கிறது.

கதவுக்கு மேலே சுவரின் குறுக்கே ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதன் மேல் முறுக்கேற்றிய ஸ்பிரிங். தண்டின் இரண்டு முனையிலும் அலுமினிய டிரம், அதில் சுற்றிய கேபிள் கதவின் அடிமூலையைப் பிடித்திருக்கும். கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை, இந்த ஸ்பிரிங்தான். மோட்டார் சும்மா பிடித்து நகர்த்துகிறது. சாதாரணக் கதவு ஏற ஏற, மேல்துண்டுகள் ஒவ்வொன்றாகக் கிடை டிராக்கில் சாய்ந்து, அவற்றின் எடையை டிராக் வாங்கிக்கொள்ளும். தொங்கும் எடை குறைந்துகொண்டே வரும். அதே நேரம் ஸ்பிரிங்கின் முறுக்கும் அவிழ்ந்து பலம் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் கதவு எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

ஹை லிஃப்டில் முதல் 28 அங்குலத்துக்கு எந்தத் துண்டும் சாய்வதில்லை. முழு எடையும் தொங்குகிறது. ஆனால் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அவிழ்ந்து பலம் இழக்கும். பழைய டிரம்மோடு விட்டால் கதவு முழங்கால் உயரம் வருவதற்குள் கனக்க ஆரம்பிக்கும். அதைச் சரிக்கட்ட ஸ்பிரிங்கைக் கூடுதலாக முறுக்கினால் தரையிலிருந்து எகிறும்.

அந்தப் பெரியவர் பழைய டிரம்மைக் கழற்றி என் கையில் கொடுத்தார். டி400-96 என்று வார்ப்பில் எழுத்து. எங்கே தொட்டாலும் ஒரே விட்டம், சுமார் நாலு அங்குலம். புதியது டி400-54. அதன் ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி, கேபிள் பதியும் பள்ளம் சுருளாகச் சுற்றிச் சுற்றிச் சிறுத்துக்கொண்டே வந்து, பிறகு பழையதைப் போல ஒரே அளவில் ஓடுகிறது. கதவு தரையில் இருக்கும்போது கேபிள் அகலமான பக்கத்தில் இழுக்கும். ஏற ஏறச் சிறிய வட்டத்துக்கு இறங்கும். எடை அதேதான், ஆனால் இழுக்கும் வட்டத்தின் ஆரம் குறைவதால் ஸ்பிரிங்குக்கு வேண்டிய முறுக்கும் குறைகிறது. 28 அங்குலம் முடிந்து கதவு சாயத் தொடங்கும் நேரத்தில் கேபிள் ஒரே அளவுள்ள பகுதிக்கு வந்திருக்கும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, ஒரு அலுமினியத் துண்டின் உருவத்திலேயே மொத்தக் கணக்கும் அடங்கிவிட்டது. நான் ஆட்டோ கம்பெனியில் எஞ்சினியராகக் குப்பை கொட்டுகிறவன். இவ்வளவு சுத்தமான டிசைனைப் பார்த்து நாளாகிவிட்டது. பழைய டிரம் இன்னும் என் மேசை மேல் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவிக்கு அதில் உடன்பாடில்லை.

டிரம் மாறினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும், கேபிளும் நீளமாக வேண்டும். புது ஸ்பிரிங் கணக்கிடக் கதவின் சரியான எடை தேவை. பெரியவர் பழைய ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டு, கதவின் நடுவில் எங்கள் பாத்ரூம் எடை மெஷினை வைத்துக் கதவை அதன் மேல் இறக்கினார். முள்ளு 165 பவுண்டில் நின்றது. அதை வைத்து ஃபோனிலேயே ஸ்பிரிங் ஆர்டர் போட்டார்.

ஸ்பிரிங் வந்து முறுக்கிய அன்று நான் நாலடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் தலைக் குழிகளில் மாறி மாறிச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றினார். ஒரு கம்பி முழுக்க உள்ளே போய் முட்டும்வரை அடுத்ததை எடுக்கவே இல்லை. ஸ்பிரிங்கின் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு அச்சடித்திருக்கிறார்கள். முறுக்க முறுக்க அது சுருள்கோடாக மாறுகிறது, எத்தனை சுற்று ஏறியது என்று அதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நம்மூர்க் கடை ஷட்டர் குழாய்க்குள்ள இருக்கறதும் இதேதான்" என்றார். பீளமேட்டில் பம்ப் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். "ஷட்டர் ஸ்பிரிங் மாத்தறப்ப கம்பி நழுவி ஒருத்தனுக்குத் தாடை பேந்துபோச்சு. நீ கைய வெக்காத சாமி." வைக்கவில்லை. இந்த மொத்த வேலையில் டிராக், விளக்கு, பிளைவுட், பெயின்ட் என்று எதை வேண்டுமானாலும் சொந்தமாகச் செய்யலாம். ஸ்பிரிங்கை மட்டும் தொடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தண்டு மேலே போவதால் அதைத் தாங்கும் தகடுகளும் மேலே போக வேண்டும். கட்டியவர்கள் பழைய உயரத்தில்தான் மரக்கட்டை வைத்திருப்பார்கள்; அதற்கு மேலே வெறும் டிரைவால். ஜிப்சம் பலகையில் ஸ்க்ரூ போட்டு இந்தப் பாரத்தை மாட்ட முடியாது. ஸ்டட், அதாவது சுவருக்குள் நிற்கும் மரச்சட்டம், எங்கெங்கே என்று தேடிக் குறித்து, புதிதாக ஒரு 2x6 பலகையைக் குறுக்கே தடிமனான லேக் ஸ்க்ரூவில் பிடித்து, அதன் மேல்தான் நடுத் தகடு. இரண்டு பக்கமும் செங்குத்து டிராக்குக்கும் அதே மாதிரி பலகை கூரைவரை. இதையெல்லாம் நான் முன்கூட்டியே செய்து வைத்ததில் கூலி கொஞ்சம் மிச்சமானது.

பழைய ஓப்பனர், அதாவது கதவைத் திறந்து மூடும் மோட்டார், கூரையின் நடுவிலிருந்து தொங்கியது. அதன் நீள ரெயில் ஏற்கெனவே லிஃப்டுக்கு இடைஞ்சல். அது இல்லாவிட்டாலும், கதவைக் கிடையாக இழுக்கும் அந்த அமைப்பு, முதல் இரண்டேகால் அடி நேர்மேலே ஏறும் கதவுக்கு உதவாது. அதனால் தண்டின் முனையிலேயே சுவரில் மாட்டும் மோட்டார் வாங்கினேன். லிஃப்ட்மாஸ்டர் 8500 வகை. தண்டை நேரடியாகச் சுழற்றும். கூரை முழுக்கக் காலி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மோட்டாரால் கதவை மேலே இழுக்க முடியும், கீழே தள்ள முடியாது. கேபிளைத் தளர்த்திக் கொடுக்கும், கதவு தன் எடையில் இறங்க வேண்டும். சாதாரணக் கதவு முழுக்கப் படுத்துவிட்டால் சில சமயம் இறங்க அடம்பிடிக்கும், கேபிள் தொளதொளவென்று டிரம்மை விட்டு விலகும். அதற்காகவே கேபிள் தளர்ச்சியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று கூடவே வருகிறது. ஹை லிஃப்டில் அடிப்பகுதி எப்போதும் செங்குத்தாகத் தொங்குவதால் கேபிள் எப்போதும் விறைப்பாகவே இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை.

வாசலின் இரண்டு பக்கமும் இருக்கும் கண்களை, அதாவது குறுக்கே ஏதாவது வந்தால் கதவைத் திருப்பி அனுப்பும் சென்சார்களை, இடம் மாற்றவில்லை. 1993 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வீட்டு ஓப்பனர்களுக்கு இந்த மாதிரிப் பாதுகாப்பு கட்டாயம். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இந்த வேலையின்போது அதைக் கழற்றி மேலே ஒன்றோடொன்று பார்க்கவைத்துக் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்கிற காரியமா அது?

கதவு முடிந்த பிறகு லிஃப்ட் வந்தது. நாலு தூண், 8,000 பவுண்டு தாங்கும். மியாட்டாவுக்கு அது ரொம்ப அதிகம்தான், பரவாயில்லை. வீட்டில் நிறுத்தி வைப்பதற்கு இரண்டு தூணைவிட நாலு தூண்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். வண்டி தன் டயரிலேயே நிற்கும், இரண்டு தூணைப் போலத் தரைக் கான்கிரீட்டின் வலிமையை நம்பித் தூணை முறுக்க வேண்டியதில்லை. ஏற்றியதும் பூட்டுப் பற்களில் இறக்கிவிட்டால் கேபிளில் பாரமே இல்லை. கூரையில் இருந்த குழல் விளக்குகளைப் பக்கச் சுவருக்கு மாற்றினேன், இல்லாவிட்டால் மேலே நிற்கும் காருக்கு மட்டும்தான் வெளிச்சம். மியாட்டாவின் ஏரியலைத் திருகிக் கழற்றி வைத்தாயிற்று.

"ஏங்க, என் வண்டி மேல ஒரு சொட்டு ஆயில் விழுந்துச்சுன்னா உங்க பொம்மைக் கார் ரோட்டுல நிக்கும்" என்று மனைவி முன்பே சொல்லியிருந்ததால் தளத்துக்கு நடுவே பிளாஸ்டிக் தட்டுகளும் வாங்கிப் போட்டேன்.

கதவு வேலைக்கும் மோட்டாருக்கும் சேர்த்து எனக்கு 1,600 டாலர் ஆனது. முதல் கம்பெனி சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கூரை 9 அடிதான் என்றால் இதெல்லாம் சரிப்படாது. கதவை ஏற்ற இடமே இருக்காது. கூரையை உயர்த்தலாமே என்று யாராவது சொன்னால், உட்கூரைக்கு மேலே இருப்பது சும்மா பரணா, முழு வீட்டுக் கூரையின் பாரத்தையும் தாங்கும் டிரஸ்ஸா என்று முதலில் ஏறிப் பாருங்கள். டிரஸ்ஸின் அடிக்கட்டையை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கையெழுத்தில்லாமல் யாரும் அறுக்கக் கூடாது. சரிந்த உட்கூரை உள்ள கராஜ் என்றால், டிராக்கையே அந்தச் சரிவோடு சாய்த்துப் போடும் முறையும் இருக்கிறது. தொழில் தெரிந்த ஆளா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன்: போனில் பேசும்போதே, டிரம்மையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவீர்களா என்று கேளுங்கள். டிராக் மட்டும் போதும் என்று சொல்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய ஒரே தகராறு சிஆர்-வியின் பின்கதவு. லிஃப்டுக்கு அடியில் நிறுத்திவிட்டு மளிகைச் சாமான் எடுக்கப் பட்டனை அமுக்கினால், அது தானாக மேலே போய்த் தளத்தின் பின்குறுக்குச் சட்டத்தில் இடிக்கப் பார்க்கும். நல்லவேளையாக அந்த வண்டியில் பின்கதவு எவ்வளவு உயரம் திறக்க வேண்டும் என்று நிர்ணயித்துக்கொள்ள முடிகிறது: வேண்டிய உயரத்தில் கையால் நிறுத்திவிட்டு, கதவில் இருக்கும் பட்டனைச் சத்தம் வரும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இப்போது அது இடுப்புக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. அரிசி மூட்டையைக் குனிந்துதான் எடுக்க வேண்டும், அதை எடுப்பது இனி என் வேலை என்று தீர்ப்பாகிவிட்டது.